சேத்துக்கு ஒரு லைசென்ஸ்

காலை எடுக்கச் சொல்லுங்க சார் உங்க டிரைவரை. அதான், ஆக்சிலேட்டர்லேருந்து. அமுக்க அமுக்க ஜீப்பு கீழதான் போவும், முன்னால போவாது. அந்தா பாருங்க, பின் சக்கரம் பாதி முழுவிடுச்சு. அண்ணே, போதும்ணே, ஆப் பண்ணிட்டு எறங்கி வாங்க. நீங்க இந்த வரப்புல ஏறிக்குங்க சார், கையைக் குடுங்க. பூட்ஸு போனது போனதுதான், வாய்க்கால்ல அலசிக்கலாம். வண்டிப்பாதைன்னு நெனச்சி எறக்கிட்டாரு பாவம். கோடையில இது பாதைதான். மேட்டூர் தொறந்து இருவது நாளாச்சே, இப்ப இது வயலு.

ஆமா சார், நாந்தான். நீங்க தேடி வந்த டிராக்டர் தங்கமணி நாந்தான். ஏன் அப்புடிப் பாக்குறீங்க, ஆம்பளைன்னு நெனச்சிட்டீங்களா. தங்கமணின்னு ரெண்டு பேருக்கும்தானே வைக்கிறாங்க. எங்க தெருவுல ஆம்பளத் தங்கமணி ஒருத்தரு இருக்காரு, ஆனா அவரு ஆடு மேய்க்கிறவரு. பெட்டிசன்ல என்னான்னு போட்டிருக்கு, தங்கமணி என்பவர்னா. அது சரி. மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க.

படிங்க சார், என்னைப் பத்தினதுதானே, நானும் கேட்டுக்கிறேன். லைசென்ஸ் இல்லாமல் டிராக்டர் ஓட்டுகிறார். உண்மை. கூட்டுப்பண்ணைச் சங்கத்தின் வண்டியைச் சொந்த வண்டிபோல் பாவிக்கிறார். அதுவும் உண்மைதான், கழுவுறது, கிரீஸு வைக்கிறது எல்லாம் நாந்தானே. இரும்புச் சக்கரத்தோடு அரசாங்கத் தார் ரோட்டைத் தாண்டி நாசம் செய்கிறார். அது அபாண்டம். எங்க வயலு ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கெடக்கு, தாண்டாம முடியாது. ஆனா வக்கோல் பரப்பிட்டுத்தான் தாண்டுவோம். நாலு பொம்பளைங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நின்னு பஸ்ஸை நிறுத்துவாங்க, நான் மெத்தையில போற மாதிரி போயிடுவேன். தாருல ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். அப்புறம் என்னா. குடித்துவிட்டு ஓட்டுகிறார். கேட்டால் அருவாளைக் காட்டுகிறார். இந்தா இருக்கு சார் அருவா, கதிரருவா, எல்லாப் பொம்பளை இடுப்புலயும் இருக்கும். இப்படிக்கு பொதுமக்கள். பேரு போடலையா. சரி, மொட்டைப் பெட்டிசன்.

கேஸு எழுதணும்னா எழுதுங்க, நான் ஓடியா போயிடுவேன். வண்டியக் கொண்டுபோறதுன்னாலும் கொண்டுபோங்க, நாத்து வயசாவுது, சங்கத்து ஆளுங்க உங்களை நாலு வார்த்தை பேசுவாங்க, அம்புட்டுதான். ஆனா மொதல்ல இந்த ஜீப்பை எடுக்கணும்ல. அதுக்கு டிராக்டர் வேணும். டிராக்டருக்கு ஆளு வேணும். இந்த ஊருல சேத்துல வண்டி ஓட்டுற ஆளு நான் ஒருத்திதான். சிரிங்க சார், நல்லாச் சிரிங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் சிரிச்சி நான் பாத்ததே இல்ல.

அண்ணே, அந்தக் கயித்தை ஜீப்புக்குப் பின்னால கட்டுங்க. பின்னாலதான். வந்த வழியாத்தான் வெளியப் போவணும், வேற வழி கெடையாது.

சட்டமா. சொல்லுங்க, தெரிஞ்சிக்கிறேன். ஓகோ, பொது ரோட்டுல ஓட்டுனாத்தான் லைசென்ஸு வேணும், வயலுக்குள்ள யாரு வேணும்னாலும் ஓட்டலாமா. அப்ப என்மேல கேஸு வந்தா அந்த முப்பதடி ரோட்டுக்குத்தானா. நாப்பது ஏக்கர் சேத்துக்கு ஒரு கேள்வியும் இல்லையா. கோவிச்சிக்காதீங்க சார், சட்டத்தை எழுதுனவரு தலைகீழா எழுதிட்டாரு. ரோட்டுல என்னா இருக்கு. கெட்டித் தரை. கண்ணுக்குத் தெரியுற பள்ளம். எதுத்தாப்புல வர்றவன் ஆரன் அடிச்சிட்டு வர்றான். சேத்துல அடியில என்னா கெடக்குன்னு எவன் ஆரன் அடிக்கிறான். வயல் ஓட்ட தனியா ஒரு லைசென்ஸ் போடணும் சார். அதுக்குத் தனியா டெஸ்டு வைக்கணும். இத நான் வெளையாட்டுக்குச் சொல்லல.

எப்புடி டெஸ்டா. நல்லாக் கேட்டீங்க. சீட்டுல ஏத்தக்கூடாது மொதல்ல. வெறுங்காலோட வயலைச் சுத்தி வரச் சொல்லணும். இந்த வயலுக்குப் பேரு குட்டைப்பங்கு. எந்தக் காலத்துலயோ குட்டையா இருந்து தூத்த எடம். மேல பாத்தா எல்லாம் ஒரே தண்ணிதான். அந்தா கொக்கு நிக்கிதே, அதுக்கு நாலு முழம் தெக்க காலை வச்சீங்கன்னா தொடை வரைக்கும் வாங்கும். கொக்குக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என்கூட நடவு நடுற பொம்பளைங்களுக்குத் தெரியும். எட்டு வயசுலேருந்து குனிஞ்சி குனிஞ்சி நட்ட வயலு சார், ஒவ்வொரு எடமும் காலுக்குத் தெரியும். அதுக்கு அடுத்த டெஸ்டு, வேணும்னே மாட்ட வுடணும். மாட்டுனதும் ஆளு காலு எங்க போவுதுன்னு பாக்கணும். கிளட்சுக்குப் போனா பாஸு. ஆக்சிலேட்டருக்குப் போனா பெயிலு. உங்க டிரைவரு பெயிலுதான் சார், பாவம், அவரு காதுல வுழுவ வேணாம்.

நான் கத்துக்கிட்ட கதையா. அதைக் கேட்டா நீங்க நம்பமாட்டீங்க. இதே டிராக்டருக்கு முன்னால படுத்தவ சார் நான். அப்பல்லாம் இது பஞ்சநதம் பண்ணை வண்டி. நாங்க கூலி நெல்லு அரைப்படி கூடக் கேட்டோம், அவரு வெளியூருலேருந்து டிராக்டர் எறக்கிட்டாரு. இது வந்துட்டா ஏர் பூட்டுறவனுக்கு வேலை இல்லைன்னு அப்ப இருந்த கூலியாளுங்க சங்கத்துல முடிவு பண்ணி, ஊரே வந்து வயல்ல படுத்துட்டோம். எனக்குப் பதினஞ்சு வயசு. ஆளாளுக்கு ஒரு எடம் புடிச்சாங்க, எனக்குக் கெடைச்ச எடம் முன் சக்கரத்துக்கு நேரா. டிரைவரு எஞ்சினை நிறுத்திட்டு பீடி பத்தவச்சிக்கிட்டாரு. போலீசு வர்ற வரைக்கும் எனக்கு என்னா வேலை, மல்லாந்து கெடந்து வண்டிக்கு அடியில பாத்துக்கிட்டே இருந்தேன். அண்ணே இந்தக் கம்பி என்னாத்துக்குன்னேன். ஸ்டேரிங்குக்கு போவுதுன்னாரு. அந்த உருண்டை என்னாண்ணே. ஆயில் இருக்குற எடம்மா. படுத்துக்கிட்டே அரைப் பாடம் படிச்சிட்டேன். போலீசு தூக்கி லாரியில போட்டப்ப மிச்சப் பாடத்தை யாருகிட்ட கேக்குறதுன்னுதான் எனக்கு வருத்தம்.

அப்ப உதயசூரியன் வந்த புதுசு. இப்ப ரெட்டை எலை. நடுவுல நெல உச்சவரம்புச் சட்டம் வந்துச்சு, பண்ணை நெலத்துல நாப்பது ஏக்கர் உபரின்னு எடுத்து எங்க இருவத்திரெண்டு குடும்பத்துக்குக் கூட்டுப்பண்ணையாக் குடுத்தாங்க. அதுக்குள்ள எத்தனை கோர்ட்டு, எத்தனை அடிதடி, எத்தனை வக்கோப்போரு எரிஞ்சிச்சு, அதையெல்லாம் சொன்னா பொழுது போயிடும். கடைசியில பஞ்சநதமே டிராக்டரையும் சங்கத்துக்கு வித்துட்டாரு. எதுக்கு முன்னால படுத்தோமோ அதைக் குளிப்பாட்டி பொட்டு வச்சி ஊர்வலமா ஓட்டியாந்தோம். எங்க சங்கத் தலைவரு ஐயாவுதான் மாலை போட்டாரு. அவரும் அன்னைக்கு என் பக்கத்துல படுத்தவருதான்.

டவுன்லேருந்து ஒரு டிரைவரைப் புடிச்சாந்தாங்க. பன்னெண்டு வருச லைசென்ஸு. சட்டைப் பையிலேருந்து எடுத்து எல்லாருக்கும் காட்டுனாரு. காட்டிட்டு நேரா குட்டைப்பங்குல எறக்குனாரு. நாங்க நாத்துப் பறிச்சிக்கிட்டே கத்துறோம், அங்க வாணாம் அங்க வாணாம்னு. பொம்பளைங்க கூவுனா எவரு கேக்குறாரு. அச்சு வரைக்கும் முழுவிடுச்சு. அமுக்குறாரு, பொகையா வருது, வண்டி கீழ போவுது. கடைசியில எறங்கி வரப்புல உக்காந்துட்டாரு. நான் போயி ஏறுனேன். ஏன் ஏறுனேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. பின் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல வுட்டு, வந்த தடத்துலயே பின்னால கொண்டாந்து நிறுத்திட்டேன். அன்னைக்கு ஏறுனவதான், அஞ்சு வருசமா எறங்கல.

அதுல ஒரு சூச்சுமம் இருக்கு சார். நடவு நடுறவ எப்புடிப் போவா, பாத்திருக்கீங்களா. பின்னாலதான் போவா. குனிஞ்ச தலையோட, நட்ட பயிரை மிதிக்காம, ஒவ்வொரு அடியா பின்னாலயே போவா. நாள் முழுக்க நாங்க பின்னால நடக்குற சாதி. வண்டி மாட்டுனா எங்க காலு தானா பின்னால போவப் பாக்கும். ஆம்பளைங்க ஏரு புடிச்சவங்க, மாட்டுக்குப் பின்னால முன்னேறியே பழக்கம். மாட்டுனா இன்னும் ஓங்கி அதட்டுவாங்க. பின்னால வர்றதுன்னா என்னமோ தோத்துட்ட மாதிரி. மாடு அதட்டுனா இழுக்கும். எஞ்சினை அதட்டுனா என்னா ஆவும் தெரியுமா உங்களுக்கு.

தெரியாதா. பிரேக் இன்ஸ்பெக்டருக்கே தெரியாதா. சேறு பின் சக்கரத்தைக் கப்புன்னு புடிச்சிக்கிடும் சார். எஞ்சின் சுத்தப் பாக்குது, சக்கரம் சுத்தமாட்டேங்குது. அப்ப சக்கரத்துக்குப் பதிலா வண்டி சுத்தும். மூக்கைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சி, அப்புடியே பின்னால மல்லாந்துடும், ஓட்டுறவன் மேலயே. ஒண்ணு ரெண்டு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். பூதலூர்ப் பக்கம் போன வருசம் ஒருத்தன் அப்புடித்தான் போனான். லைசென்ஸு இருந்துச்சு அவன்கிட்ட.

வாணாம், அதைப் பேசவேணாம். அண்ணே, கயிறு கட்டியாச்சா. நீங்க ஜீப்புல உக்காந்து ஸ்டேரிங்கை நேரா மட்டும் புடிச்சிக்குங்க. கியரை நியூட்ரல்ல போடுங்க. காலை எதுமேலயும் வைக்காதீங்க, சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டாலும் சரி. சார், நீங்க தள்ளி நில்லுங்க, கயிறு அறுந்தா மூஞ்சியில அடிச்சிடும். இன்னும் தள்ளி. ஆங். நான் டிராக்டர்ல ஏறிக்கிறேன்.

மொதல்ல கயித்தை இறுக்கிக்கணும். அம்புட்டுதான், இனிமே அவசரமே கூடாது. பாருங்க, சேறு இன்னும் வுடமாட்டேங்குது. கொஞ்சம் நிறுத்துனோம்னா அதுவே சக்கரத்துக்கு அடியில தண்ணி வாங்கும். இப்ப மறுபடியும். சத்தம் கேட்டுச்சா சார், பொளக்குன்னு. அது வுட்டுடுச்சுன்னு அர்த்தம். வருது வருது. அண்ணே சம்மணம் போடச் சொன்னதுக்காக நெசமாவே போட்டுட்டீங்களே. போதும், கெட்டித் தரைக்கு வந்தாச்சு, எறங்குங்க.

இதுக்கு என்னா சார் பெரிய பாராட்டு. உக்காருங்க இப்புடி, வாய்க்கா மதகுல உக்காருங்க, எளநி வெட்டியாரச் சொல்லியிருக்கேன். எழுதுங்க, நீங்க எழுதவேண்டியதை எழுதுங்க. பேரு தங்கமணி. வூட்டுக்காரரு பேரு இராஜாங்கம். மன்னார்குடியில ஒரு ரைஸ் மில்லுல லாரி ஓட்டுறாரு. ஆமா சார், அவருகிட்ட லைசென்ஸு இருக்கு. எட்டு வருசமா இருக்கு. பேருக்கேத்த மாதிரி ரோட்டுல அவரு ராஜாங்கம்தான், ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனது கெடையாது.

அப்ப அவரே ஓட்டலாமேன்னு நீங்களும் கேக்குறீங்க பாருங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. போன மாசம் மேலேருந்து சங்கத்துக்கு ஒரு காயிதம் வந்துச்சு, லைசென்ஸ் உள்ளவங்கதான் சங்கத்து வண்டியைத் தொடணும்னு. ஐயாவு என்னைக் கூப்புட்டுச் சொன்னாரு, ஏம்மா வருத்தப்படுற, உன் வூட்டுக்காரன்கிட்ட லைசென்ஸ் இருக்கு, வண்டி உங்க குடும்பத்துலயேதானே இருக்கப்போவுதுன்னாரு. அவருக்கு அது நல்ல யோசனை. எங்க வூட்டுக்காரருக்கும் ஒரே சந்தோசம். மில்லுல சொல்லிட்டாரு. வர்ற வெள்ளிக்கெழமைலேருந்து டிராக்டர்ல அவருதான் ஏறப்போறாரு.

போன குறுவையில ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ கஞ்சி குடிச்சிட்டு வா, நான் நாலு சுத்து ஓட்டுறேன்னு ஏறுனாரு சார். நான் தூக்குச்சட்டியைத் தொறக்குறேன், இந்தக் குட்டைப்பங்குலதான், வண்டி சத்தம் மாறுது. நிமிந்து பாத்தா முன் சக்கரம் ரெண்டும் ஆகாசத்துல இருக்கு. அவரு காலு அமுக்கிக்கிட்டே இருக்கு. கிளட்சு கிளட்சுன்னு கத்துனேன். எப்புடி அவரு காதுல வுழுந்துச்சோ, மிதிச்சாரு. தொப்புன்னு எறங்குச்சு. எறங்கி வந்து சிரிக்கிறாரு சார். பாத்தியா, குதுரை மாதிரி எந்திரிக்குதுங்குறாரு. டீக்கடையில அன்னைக்கு சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லி பத்துப் பேரு சிரிக்கிறாங்க. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. இப்பவும் சோத்துல கை வச்சா அந்தச் சக்கரம்தான் கண்ணுல நிக்கிது. நாத்து போனா அடுத்த போகத்துக்கு நாத்து வரும். அவரு போனா நான் என்னா சார் பண்ணுவேன்.

சொல்லலையாவா. எப்புடிச் சொல்றது. நீ ஓட்டாதேன்னு பொண்டாட்டி சொன்னா எந்தப் புருசன் கேப்பான். பதவியை வுட மனசில்லாம பேசுறான்னுவாங்க. பயமா இருக்குன்னா அவரு இன்னும் பலமா சிரிப்பாரு. அந்த மனுசனுக்குக் கோவமே வராது, அதான் அவருகிட்ட பெரிய கஷ்டம்.

அதுக்குத்தான் சார் நானே லைசென்ஸ் வாங்கிடலாம்னு பாத்தேன். நாலு மனு. முத்திரை ஒட்டி, பேரு வெலாசம் எல்லாம் போட்டு. மொத மனுவுக்கு உங்க ஆபீசுல வயசுக்கு அத்தாட்சி கேட்டாங்க. குடுத்தேன். ரெண்டாவதுக்கு ஒருத்தரு, பொம்பளை எதுக்கும்மா டிராக்டரு, தையல் மிசினுக்கு மனுப் போடுன்னாரு. சிரிச்சிட்டு வந்துட்டேன். மூணாவதுக்கு வண்டியைக் கொண்டா டெஸ்டு வைக்கலாம்னாங்க. வண்டியை ரோட்டுல ஓட்டியாரணும்னா லைசென்ஸ் எங்கன்னு கேட்டாங்க. அவங்களே கேட்டாங்க சார், ஒரே மூச்சுல ரெண்டையும். சரின்னு எங்க வூட்டுக்காரரையே ஓட்டியாரச் சொல்லி வந்தா, அன்னைக்கு நீங்க கேம்புக்குப் போயிட்டீங்க. நாலாவது மனுவை ஜமாபந்தியில தாசில்தார் கையிலயே குடுத்தேன். உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டதுன்னு பதில் வந்துச்சு, மாட்டிவச்சிருக்கேன் வூட்டுல.

எதிரியா. எனக்கா. இந்தப் பெட்டிசன் போடுற அளவுக்கு எனக்கு எதிரி யாரு சார் இருக்கா. பஞ்சநதம் கும்மோணத்துல மக வூட்டோட போயிட்டாரு. பஸ் டிரைவருங்க வக்கோல் போடுறப்ப ரெண்டு ஆரன் கூட அடிப்பாங்க, அம்புட்டுதான். யாரையும் சந்தேகப்படவேணாம். எழுதுனது நாந்தான்.

நாந்தான் சார். சங்கத்து ராப்பள்ளிக்கூடத்துல படிச்ச எழுத்து, கொஞ்சம் கோணலா எழுதுனேன். பொம்பளைன்னு போட்டா மறுபடியும் தையல் மிசினுன்னுடுவாங்கன்னுதான் என்பவர்னு போட்டேன். சட்டம் ரோட்டுக்கு மட்டும்தான்னு எனக்கு யாரு சொன்னா, ரோட்டை நாசம் பண்றேன்னு சும்மாத்தான் எழுதுனேன், அது சரியாப் போச்சு. குடிக்கிறேன்னு எழுதுறப்ப மட்டும் கை கூசுச்சு. பேரு போட்டு நாலு எழுதுனேன், பத்து மாசம் ஆச்சு. பேரு போடாம ஒண்ணு எழுதுனேன், ஆறாவது நாளு ஜீப்போட வந்துட்டீங்க.

நீங்க பாத்துட்டீங்கள்ல சார், உங்க கண்ணால. இதுக்கு மேல என்னாத்த ஓட்டிக் காட்டுறது. ரோட்டுலயும் ஓட்டணும்னா இப்பவே இரும்புச் சக்கரத்தைக் கழட்டி டயரை மாட்டிட்டு வர்றேன், நீங்க பக்கத்துல உக்காருங்க, எட்டுப் போடச் சொன்னாலும் போடுறேன், எண்பது போடச் சொன்னாலும் போடுறேன். எத்தனை பாரம் இருந்தாலும் குடுங்க, கையெழுத்துப் போடுறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துடுங்க. சர்க்காரே என்னைத்தான் ஓட்டச் சொல்லுது, நான் என்னா பண்றதுன்னு அவருகிட்ட சொல்லிட்டு ஏறிடுவேன், அவரு லாரிக்கே போயிடுவாரு.

எளநி குடிங்க சார். ஒரே ஒரு ஒத்தாசை. பெட்டிசன் எழுதுனது யாருன்னு எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியவேணாம். பெட்டிசன் வந்த சேதியைத் தலையாரி அவருகிட்ட சொல்லிட்டாரு, என் பொண்டாட்டியைக் குடிகாரின்னு எழுதுனவன் எவன்டான்னு ரெண்டு நாளா ஊரெல்லாம் தேடிக்கிட்டுத் திரியுறாரு. கல்யாணம் ஆயி இத்தனை வருசத்துல அந்த மனுசனுக்குக் கோவம் வந்து இப்பத்தான் சார் பாக்குறேன்.